வாயாடி வாயை மூடிய பந்தயம்

அந்தக் காலத்தில், குதிரைக்கும் மனிதரைப் போலவே வாயும் வார்த்தையும் வம்பும் இருந்த காலத்தில், வெண்குன்றத்துப் புல்வெளியில் வருஷத்துக்கு ஒரு பந்தயம் நடக்கும். குதிரையின் முதுகில் ஆள் ஏற மாட்டார். பேசத் தெரிந்த குதிரைக்கு வழி சொல்ல ஆள் எதற்கு? புளியமரத்தடியில் கிளம்பி, ஏரியைச் சுற்றி வந்து, அரசரின் பந்தலுக்கு எதிரே சுண்ணாம்பால் போட்ட வெள்ளைக் கோட்டை முதலில் தாண்டினால் வெற்றி.

யாருக்கு வெற்றி? குதிரைக்கு இல்லை, அதன் சொந்தக்காரருக்கு. அங்கேதான் கோளாறு.

அரசரின் குதிரை ஜெயித்து, வாயில் நுரை தள்ள நின்றுகொண்டிருக்கும். கட்டியக்காரர் ஒளியன் "க்ஹும், க்ஹும்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "வென்றார் நெடுஞ்சாத்தர்! நம் அரசர் காற்றாய்ப் பறந்து வென்றார்!" என்று முழங்குவார். காற்றாய்ப் பறந்த அரசர் பந்தலில் சாய்ந்தபடி அதிரசம் தின்றுகொண்டிருப்பார். எழுந்து நிற்கவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். மாலை அவர் கழுத்தில் விழும். குதிரைக்கு ஒரு கூடை கொள்ளு. அதன் பெயர்? 'வடக்குக் கொட்டில் குதிரை'. தீர்ந்தது.

அந்த வடக்குக் கொட்டிலில் செம்பழுப்பு நிறத்தில் ஓர் இளம் பெண்குதிரை இருந்தது. அதன் அம்மா செங்காற்று, மகளுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தது. குதிரைகளுக்குள் மட்டும் புழங்கிய பெயர்கள் இவை. வாயாடி யார் குரலில் வேண்டுமானாலும் பேசும். ஒருநாள் விடியலில் தளபதியின் மூக்குக் குரலில், "படையெல்லாம் வரிசையில் நில்!" என்றது. மொத்தப் படையும் அரைத் தூக்கத்தில் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்து கொட்டிலுக்கு முன்னால் நின்றது. "சரி சரி, எல்லாரும் போய்ப் பச்சைப்புல் அறுத்துட்டு வாங்க" என்றது வாயாடி. அறுத்தும் வந்தார்கள்!

அந்தக் கும்மாளம் ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனது. செங்காற்று செத்துப்போயிற்று. பல வருஷம் அந்த வெள்ளைக் கோட்டை முதலில் தாண்டிய குதிரை அது. உடலை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது வழியில் பூக்காரி ஒருத்தி கேட்டாள், "இது எந்தக் குதிரைங்க?"

"யாருக்குத் தெரியும்? அரண்மனைக் குதிரை ஒண்ணு" என்றார் வண்டிக்காரர்.

அன்று வாயாடி யார் குரலிலும் பேசவில்லை.

அடுத்த பந்தயம் வந்தது. முரசு அதிர்ந்ததும் குதிரைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. ஏரிக்கரை திரும்பும்போதே வாயாடி முன்னால் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் தளபதியின் குதிரை கரியன் மட்டும்தான். பந்தல் நெருங்கியது. ஒளியன் "க்ஹும்" என்று ஆரம்பித்துவிட்டார். அரசர் மாலைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டார்.

வெள்ளைக் கோட்டுக்கு ஒரு மூக்களவு இருக்கும்போது வாயாடி நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது.

கரியன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "ஏய், என்ன ஆச்சு உனக்கு? சுளுக்கா?"

"ஒண்ணும் ஆகல. நீ தாண்டிப் போடா, ராசா. தாண்டினதும் என்ன சொல்லுவாங்க தெரியுமா?" என்று தளபதியின் மூக்குக் குரலுக்கு மாறியது வாயாடி. "நான்தான் ஓடினேன்! நானே ஓடினேன்! என் முழங்கால் வலியோடு ஓடினேன்!"

கரியனின் காது பின்னால் மடங்கியது. கோட்டைப் பார்த்தது. பந்தலைப் பார்த்தது. அதுவும் காலை ஊன்றிக்கொண்டது. பின்னால் வந்த குதிரைகள் ஒவ்வொன்றாகக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வரிசை கட்டி நின்றன. ஒரு குளம்புகூட அந்தப் பக்கம் போகவில்லை.

அரசர் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்ன திமிர் இது? தாண்டு!"

"தாண்டுறேன், அரசே. தாண்டினதும் எங்க பேரைச் சொல்லச் சொல்லுங்க. மாலையும் ஓடின கழுத்துக்குத்தான் வேணும்."

"குதிரைக்குப் பெயரா? உண்பது என் கொள்ளு. உறங்குவது என் கொட்டில். ஓடுவதும் நானே!"

வாயாடி அதே கனத்த குரலில், அதே மூச்சுத் திணறலோடு சொன்னது: "ஓடுவதும் நானே! யாரங்கே, என்னைக் கொஞ்சம் தூக்கி விடுங்கள்! அந்த அதிரசத்தை இப்படித் தள்ளுங்கள்!"

கூட்டத்தில் யாரோ 'களுக்' என்றார்கள். அவ்வளவுதான், புல்வெளி முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. அரசரின் முகம் மிளகாய்ப் பழமானது. சவுக்கை எடுக்கலாம். ஆனால் ஊரே பார்க்கிறது. கொஞ்சம் யோசித்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது.

"சரி. பெயர் தருகிறேன், மாலையும் தருகிறேன். ஆனால் பெயரும் பேச்சும் சேர்ந்து கிடையாது. இந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு எந்தக் குதிரையாவது, என்றைக்காவது, ஒரே ஒரு வார்த்தை பேசினாலும் பெயர் போயிற்று. உன் பெயர் மட்டுமில்லை, எல்லாக் குதிரையின் பெயரும். சம்மதமா?"

குதிரைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "மத்தவங்க பேசாம இருந்துடுவோம். ஆனா நீ?" என்று முனகியது கரியன். "கொட்டாவி விடும்போதுகூடப் பேசுறவ நீ. போச்சு, எல்லாம் போச்சு."

அரசரின் கணக்கும் அதேதான். இந்த வாய் சாயங்காலம் வரை தாங்காது.

வாயாடி ஒளியனிடம் திரும்பியது. இந்த முறை யார் குரலும் இல்லை, அதன் சொந்தக் குரல். "ஐயா, என் பேரு வாயாடி. ஆனா முதல்ல எங்க அம்மா பேரைக் கூப்பிடுங்க. செங்காற்று. இத்தனை வருஷமா இங்க ஓடினது அவதான்."

சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டியது. கரியன் தாண்டியது. எல்லாம் தாண்டின.

அரசர் விடவில்லை. "என்னம்மா வாயாடி, சௌக்கியமா?" என்றார். பதில் இல்லை. "உன் வாலைப் பார்த்தால் பழைய விளக்குமாறு மாதிரி இருக்கிறதே!" காது துடித்தது, பதில் இல்லை. தளபதியைக் கூப்பிட்டுப் பாட்டுப் பாடச் சொன்னார். அந்த மூக்குக் குரலைக் கேட்டு வாயாடியின் தொண்டை அரித்தது. வாய் திறக்கவில்லை.

அரசருக்குப் பொறுமை போனது. வெற்றி எப்படியும் தமக்குத்தான் என்று முன்னமே மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாயாடியின் முகத்துக்கு நேராக வர ஓரடி எடுத்து வைத்தார். தரையைத் தொடும் நீள மாலை. அதன் நுனியைத் தாமே மிதித்தார். தடுமாறினார். பக்கத்தில் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி இருந்தது.

தொபுக்கடீர்!

"ஐயையோ! அம்மா! தண்ணி சில்லுங்குது!" கீச்சுக் குரலில் அலறினார் நெடுஞ்சாத்தர். கனத்த குரலெல்லாம் தொட்டிக்குள் போய்விட்டது.

மொத்தக் கூட்டமும் வாயாடியைப் பார்த்தது. இப்படி ஒரு குரல் வாழ்நாளில் இன்னொரு முறை கிடைக்குமா? வார்த்தை வயிற்றில் இருந்து கிளம்பியது. தொண்டைக்கு வந்தது. நாக்கில் ஏறியது. பல்லைத் தள்ளிக்கொண்டு உதட்டுக்கே வந்துவிட்டது. கரியன் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

வாயாடி உதட்டை இறுக்கியது. உள்ளே வார்த்தை முட்டியது, மோதியது, உதடு படபடவென்று அடித்துக்கொண்டது.

"பிர்ர்ர்ர்ர்ர்!"

வெறும் காற்று. ஒரு வார்த்தை இல்லை. தொட்டியில் இருந்த அரசரின் முகத்தில் எச்சில்தான் தெறித்தது.

"அது பேச்சில்லை!" என்று கூட்டத்தில் இருந்து கத்தினாள் அந்தப் பூக்காரி. "பேச்சில்லை, பேச்சில்லை!" என்று ஊரே கத்தியது. ஊர் முன்னால் கொடுத்த வாக்கு. சொட்டச் சொட்ட எழுந்த அரசர், நனைந்த மாலையைக் கழற்றி வாயாடியின் கழுத்தில் போட்டார். ஒளியன் இந்தத் தடவை செருமக்கூட இல்லை.

"செங்காற்று!" என்று முழங்கினார். ஊர் திருப்பிச் சொன்னது: "செங்காற்று!"

"செங்காற்றின் மகள் வாயாடி!"

"வாயாடி! வாயாடி!"

வாயாடி பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் உயர்த்திக்கொண்டு அரசரின் பந்தலுக்கு முன்னால் மெதுவாக, மிக மெதுவாக நடந்துபோனது.

அன்று முதல்தான் குதிரைகள் பேசுவதில்லை. பேச முடியாமல் இல்லை, விட்டுக்கொடுக்க மனமில்லாமல். அன்று முதல்தான் பந்தயத்தில் குதிரையின் பெயரோடு அதைப் பெற்ற தாயின் பெயரையும் சொல்கிறார்கள், மாலை குதிரையின் கழுத்தில் விழுகிறது, அதன் குரலுக்குப் பதிலாக ஊரே தொண்டை கிழியக் கத்துகிறது. அன்று முதல்தான் நீங்கள் பக்கத்தில் போனால் குதிரை உங்களை ஏற இறங்கப் பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "பிர்ர்ர்ர்" என்கிறது.