விசில் வந்த திசை

“இருபத்திரண்டு வருசம் அவன் பின்னாடியே ஓட்டிட்டனுங் அம்மணி. போதும். இதை என் வண்டியில மாட்டிக் குடுங்க.”

வரதராஜு மரப்பெட்டியை இறக்கி வைத்தார். வயது ஐம்பத்தெட்டு. மூச்சு வாங்கியது.

தெய்வானை பெட்டியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். நாற்பதைத் தொடாதவள். கோயமுத்தூரில் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு எஞ்சினில் ஒரு சந்தேகம் என்றால் கணபதி ஏரியாவில் இருக்கிற அவள் ஷெட்டுக்குத்தான் வருவார்கள். பாதிப் பேர் பதில் கிடைக்காமல் திட்டிக்கொண்டே போவார்கள். அடுத்த வாரம் திரும்ப வருவார்கள்.

“யாருது?”

“ஜெயசீலனுது.”

கொச்சியில் ஒரே கப்பலில் வந்து இறங்கிய இரண்டு கார்கள். இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, ஒரே சிவப்பு. நண்பர்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஜெயசீலனுடையதில் எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டுகிற டர்போ இருந்தது. வரதராஜுவுடையதில் இல்லை.

ஞாயிறுதோறும் வால்பாறை மலை ஏறுவார்கள். முதல் வளைவு வரை சேர்ந்து போவார்கள். அப்புறம் முன்னால் ஒரு விசில் கிளம்பும். டர்போ காற்றை இழுக்கிற சத்தம். வண்டி வளைவில் மறைந்துவிடும், விசில் மட்டும் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டே இவர் ஆக்சிலரேட்டரை மிதிப்பார். மேலே டீக்கடையில் அவன் பாதி டம்ளர் குடித்திருப்பான்.

“ஏண்டா, பஸ்ஸுல வந்தியா?”

ஒரு நாளும் எட்டிப் பிடித்ததில்லை.

தை மாதம் ஜெயசீலன் போய்விட்டான். மாரடைப்பு. அவன் காரின் பாடியைத் துரு தின்றிருந்தது. மனைவி எஞ்சினைப் பிரிக்கச் சொல்லி, வேண்டியதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

“உங்க வண்டியிலயாவது ஓடட்டுங்ணா.”

அதன்பிறகு வரதராஜு ஒரே ஒரு தடவை மலைக்குப் போனார். மூன்றாவது வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

“உங்க எஞ்சின் இதைத் தாங்காதுங்ணா,” என்றாள் தெய்வானை. “அது தானா மூச்சு விடற எஞ்சின். காத்தைத் திணிச்சா பிஸ்டன் ஓட்டையாயிரும். இங்க வர்றவங்க முக்காவாசிப் பேரு பண்ற கிறுக்குத்தனம்.”

“அது எனக்குத் தெரியாதா? அவன் பிஸ்டனே பெட்டியில இருக்குது. பைப்பு, இன்ஜெக்டர், கூலர், கம்ப்யூட்டர். ஒண்ணு விடலீங்.”

“எஞ்சின்ல துளை போடோணும். போட்டா போட்டதுதான். பழையபடி ஆகாது.”

“போடுங்க.”

“யாரையாவது முந்தோணுமா?”

“யார் இருக்காங்க முந்தறதுக்கு?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்கு அந்தச் சத்தம் வேணும். மாட்ட முடியுமா, முடியாதா?”

தெய்வானை பெட்டிக்குள் கையை விட்டு டர்போவை எடுத்தாள். பெரிய நத்தைக் கூடு மாதிரி இரும்பு. நடுவில் நாலு சொட்டு ஆயில் விட்டாள். காற்றடிக்கிற ஹோஸை எடுத்துக்கொண்டாள்.

“வண்டியில உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

ஜன்னல் பக்கம் வந்து, டர்போவைப் பிடித்துக் காற்றடித்தாள். உள்ளே சக்கரம் சுற்றியது. விசில்.

“இதுவா?”

“இதான்...” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இல்லீங்,” என்றார்.

பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் வைத்து அடித்தாள். விசில் ஸ்டியரிங் வழியாக அவர் கைக்கு வந்தது. மாட்டினால் அங்கிருந்துதான் வரும்.

“இதுவா?”

“அதே சத்தந்தான். ஆனா...”

“ஆனா?”

“தெரியலீங் அம்மணி.”

அவள் பானெட்டை மூடினாள். டர்போவோடு ஹோஸை இழுத்துக்கொண்டு நடந்தாள். ஷெட்டைத் தாண்டி, பழைய டயர் குவியலைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவர் திரும்புகிற இடத்தில் மறைந்தாள். ஹோஸ் மட்டும் தரையில் ஊர்ந்து போனது. நின்றது.

சுவருக்கு அப்பாலிருந்து விசில் வந்தது.

சாவிகூடப் போடாத வண்டி. அவர் வலது கால் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தியிருந்தது.

விசில் அடங்கியது. தெய்வானை டர்போவைத் துணியில் ஏந்தியபடி திரும்பி வந்தாள்.

“சொல்லுங்ணா. எங்க மாட்டட்டும்?”

வரதராஜு காலை எடுக்கவில்லை. சுவர் திரும்புகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க, அம்மணி.”