இரண்டாவது வெட்டு

ஜப்பானில் மலையடிவாரத்தில் ஓர் ஊர். அங்கே குமாஜி என்று ஒருவர் சோயாப்பாலைத் திரித்து, பன்னீர் மாதிரி மெத்தென்று இருக்கும் டோஃபு செய்து விற்றுக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆள் பார்க்கக் கதவு அகலம் இருப்பார். ஆனால் எதிரே இருப்பவர் லேசாக முகத்தைச் சுளித்தால் போதும், அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வாள் மேல் ஆசை. சண்டை போடுகிற வாள் இல்லை, பாய் வெட்டுகிற வாள். அந்த ஊரில் அதற்கென்றே வருஷாவருஷம் போட்டி நடக்கும். பழைய கோரைப்பாயை இறுகச் சுருட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு மரமுளையில் குத்தி நிறுத்துவார்கள். வாளால் சாய்வாக ஒரே வீச்சு வீச வேண்டும். வெட்டின இடம் வழவழவென்று இருக்க வேண்டும். பிசிறு தட்டினால் மதிப்பெண் போச்சு. வீசிய பிறகு நடுவர் கொடி தூக்கும்வரை வாளை அசைக்கக் கூடாது.

குமாஜிக்கு வாள் கொடுத்து, வெட்டவும் சொல்லிக்கொடுத்தவர் சாயோ என்கிற அம்மாள். குமாஜியைவிடப் பதினைந்து வயது சின்னவர். இருந்தாலும் குமாஜி அவரைக் குருவம்மா என்றுதான் கூப்பிடுவார். குருவம்மா பேசினால் காசு செலவாகிவிடும் என்பது போல் பேசுவார். குமாஜிக்கு அவரிடம் இருந்த மனக்குறை அது ஒன்றுதான்.

பயிற்சியில் வாள் இறங்கிய கையோடு குமாஜியின் கழுத்து குருவம்மா பக்கம் திரும்பிவிடும்.

"எப்படி, குருவம்மா?"

"பாய் வெட்டுப்பட்டிருக்கு."

"அது எனக்கும் தெரியுதே. வெட்டு நல்லா இருந்ததா?"

"துடைப்பம் அங்கே இருக்கு. கீழே விழுந்ததைப் பெருக்குங்க."

ஆறேழு வருஷமாக இதே கதைதான். 'நல்லா இருந்தது' என்று ஒரு தடவை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? குமாஜி முணுமுணுத்துக்கொண்டே பெருக்குவார். மறுநாள் விடிந்ததும் மறுபடி வந்து நிற்பார்.

இந்த வருஷப் போட்டிக்கு முன்பு குமாஜி சந்தையில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிவிட்டார். "இந்தத் தடவை ஜெயிக்கலைன்னா வாளைத் திருப்பிக் கொடுத்துடுவேன். என் கை அதுக்கு லாயக்கில்லைன்னு முடிவு கட்டிக்க வேண்டியதுதான்."

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?"

போட்டி நாளில் குமாஜியின் கை நன்றாகவே ஓடியது. கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். குமாஜியும், பக்கத்து ஊர்ப் பல் டாக்டர் ஒருவரும். டாக்டர் முதலில் வெட்டினார். துண்டு விழுந்தது, ஆனால் ஓரத்தில் நார் பிசிறிக்கொண்டு நின்றது. இனி குமாஜி வழக்கம்போல் வெட்டினாலே பரிசு அவர் வீட்டுக்குத்தான்.

குமாஜி மூச்சை இழுத்து விட்டார். வாள் இறங்கியது.

ஒரு சத்தமும் இல்லை. பாய் அப்படியே நின்றது.

பழக்கதோஷம், அவர் கழுத்து திரும்பியது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற குருவம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவரும் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொடி மேலே போகவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"நம்ம டோஃபுக்காரர் காத்தை வெட்டிட்டாருப்பா!"

அவ்வளவுதான். குமாஜிக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. ஐயோ, தவறிவிட்டதே என்று பதறி, வாளை ஓங்கி மறுபடி ஒரு போடு போட்டார். பாயின் மேல்பாதி எகிறிப் பறந்து நடுவரின் மடியில் போய் விழுந்தது.

நடுவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் இரண்டாவது வெட்டு கோரையைக் குதறி வைத்திருந்தது. அடிப்பக்கம் மட்டும் சீவிவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது.

"முதல் வெட்டிலேயே இது துண்டாயிடுச்சு," என்றார் நடுவர். "இடம் மாறாம மேலேயே உட்கார்ந்திருந்தது. இவ்வளவு சுத்தமான வெட்டை நான் இங்கே பார்த்ததில்லை. கொடியைத் தூக்கத்தான் போனேன். அதுக்குள்ளே ரெண்டாவது வெட்டு எதுக்குங்க?"

இரண்டு முறை வீசினால் ஆட்டத்தில் இல்லை என்பதுதான் விதி. பரிசு டாக்டருக்குப் போனது. பாவம், அவருக்கே அதைக் கை நீட்டி வாங்கக் கூச்சமாக இருந்தது. குமாஜி வீட்டுக்கு வந்து, சோயா ஊறப்போட்ட தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள் காலையில் குருவம்மா அடுப்பில் சூப் வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் குமாஜி நின்றார். ஒரு கையில் டோஃபு வாளி, மறு கையில் வாள்.

"வாங்க. என்ன, ரெண்டு கையும் நிறைஞ்சிருக்கு?"

"டோஃபு உங்களுக்கு. வாளும் உங்களுக்கு."

"தோத்துட்டதாலேயா?"

"தோத்தது போகட்டும், குருவம்மா. நல்லா வெட்டியிருக்கேன், வெட்டினது எனக்கே தெரியலையே! அதைத்தான் தாங்க முடியலை. தெரியாத கைக்கு வாள் எதுக்கு?" குமாஜி வாளை முன்னால் நீட்டினார். "இத்தனை வருஷத்திலே நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

குருவம்மா சட்டி மூடியைத் திறந்து பார்த்தார். "கொதி வந்துடுச்சு. டோஃபுவை வெட்டிக் கொடுங்க."

மனுஷன் இங்கே நெஞ்சு வெடித்து நிற்கிறேன், இந்த அம்மாவுக்குச் சூப்பா முக்கியம்? குமாஜிக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஆனாலும் தொழில் பழகிய கை சும்மா இருக்குமா? வாளை ஓரமாகச் சாய்த்து வைத்தார். வாளியிலிருந்து ஒரு கட்டி டோஃபுவை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அங்கே அதைக் கையில் வைத்து வெட்டுவதுதான் வழக்கம். அடுப்படியில் இருந்த கத்தியை எடுத்து, குறுக்கே ஒன்று, பிறகு நெடுக்கும் அகலத்துக்குமாக மெத்து மெத்தென்று இறக்கினார். கத்தியைக் கழுவிக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

குருவம்மா குனிந்து பார்த்தார். டோஃபு ஒரே கட்டியாக உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

"வெட்டுப்படலையே," என்றார்.

"என்னது?"

"முழுசா அப்படியே நிக்குது. இன்னொரு தடவை வெட்டுங்க."

குமாஜிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாள் விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வார். டோஃபு விஷயத்தில் ராஜாவே வந்து சொன்னாலும் விடமாட்டார்.

"நல்லா இருக்கே நியாயம்! இன்னொரு தடவை வெட்டினா கூழாத்தான் போகும். அதெல்லாம் வெட்டியாச்சும்மா."

"யார் சொன்னா?"

"இதையும் யாராவது வந்து சொல்லணுமா? வெட்டின கைக்குத் தெரியாதா என்ன?"

சொன்ன வாய் சொன்னபடியே திறந்திருந்தது. குமாஜி தன் கையைப் பார்த்தார். ஓரமாகச் சாய்த்து வைத்த வாளைப் பார்த்தார்.

குருவம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சட்டியின் மேல் மெல்லச் சாய்த்தார். டோஃபு சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரிந்து சூப்புக்குள் இறங்கியது.

"இது வேகக் கொஞ்சம் நேரமாகும்," என்றார். "முற்றத்திலே ஒரு பாய் ஊறவச்சு நிறுத்தியிருக்கேன்."

குமாஜி வாளை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். பாய்க்கு எதிரே கால் ஊன்றி நின்றார். மூச்சை இழுத்து விட்டார். வாள் இறங்கியது.

சத்தமே இல்லை. பாய் நின்றது.

அவர் கழுத்து அடுப்படிப் பக்கம் திரும்பப் பார்த்தது. பாதி திரும்பியது. பிறகு என்ன நினைத்ததோ, தானாகவே திரும்பி வந்துவிட்டது. குமாஜி வாளைத் துடைத்து உறையில் போட்டார். உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்குப் பசி தெரிந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மனசு குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

குருவம்மா கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தை எட்டிப் பார்த்தார்.

"பாய் நிக்குதே, குமாஜி ஐயா?"

"நிக்கட்டும்மா," என்றார் குமாஜி. "நீங்க சூப்பை ஊத்துங்க."