கொம்பையாவுக்குப் போட்ட கால்கட்டு

மருதங்கோட்டையை ஆண்ட சிங்கராயருக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று மல்யுத்தம். இன்னொன்று கல்யாணம். தன்னுடையது அல்ல, ஊரார் கல்யாணம். பந்தல் எங்கே போட்டாலும் அழைக்காமலே போய் நிற்பார்.

அந்த இரண்டு பைத்தியத்துக்கும் இரண்டு ஆணைகள் போட்டிருந்தார். வயிற்றுவலி, சுளுக்கு, காயம் என்று சொல்லி எந்த மல்லனும் களத்திலிருந்து ஒதுங்கக் கூடாது. மீறினால் யானைக் கொட்டிலில் சாணி அள்ள வேண்டும். ஆனால் புதிதாகக் கல்யாணமானவன் மூன்று மாதம் எந்த வேலைக்கும் வர வேண்டாம்.

இப்படியிருக்க, அரண்மனையின் முதல் மல்லன் கொம்பையா பயிற்சியில் ஒருவனைத் தூக்கிச் சுழற்றினான். சுழன்றவன் பத்திரமாக இறங்கினான். கொம்பையாவின் இடது கால் மட்டும் மண்ணில் சிக்கிக்கொண்டது. கணுக்காலுக்கு மேலே எலும்பு மளுக்கென்றது.

எலும்பு வைத்தியர் மாசிலாமணி ஓடிவந்து எலும்பை நேராக்கி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "மூன்று மாதம் இந்தக் காலோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. நின்றால் அப்புறம் எப்போதுமே நிற்க முடியாது" என்றார்.

கொம்பையா கலங்கிப்போனான். மன்னரிடம் யார் சொல்வது? சேதி அவைப்புலவர் ஆவுடையாளிடம் போனது. அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "நான் சொல்லிக்கொள்கிறேன்" என்று புறப்பட்டாள்.

மறுநாள் அவையில் மன்னர் கேட்டார்: "கொம்பையாவை ஏன் காணோம்?"

"அவனுக்குக் கால்கட்டு போட்டுவிட்டோம், மன்னா" என்றாள் ஆவுடையாள்.

மன்னர் முகம் மலர்ந்தது. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எப்போது?"

"நேற்றுதான். திடீரென்று நேர்ந்துவிட்டது."

"யார் முடித்துவைத்தது?"

"வைத்தியர் மாசிலாமணி. அவர் கைராசிதான் ஊருக்கே தெரியுமே."

"எப்படி, லட்சணமாக இருக்கிறதா?"

"ஒல்லிதான். ஆனால் மூங்கில் மாதிரி நேர்."

"கொம்பையா முரடனாயிற்றே. தாங்குமா?"

"அவனைத் தாங்கத்தானே போட்டது."

"அவன் என்ன சொல்கிறான்?"

"முதலில் கத்தினான். இப்போது பழகிவிட்டது."

"நானும் அப்படித்தான்" என்றார் மன்னர் பெருமூச்சோடு. "மூன்று மாதம் அவன் வீட்டிலேயே இருக்கட்டும்."

கொம்பையா வைத்தியர் வீட்டில் கிடந்தான். படுத்துக் கிடப்பது அவனுக்குத் தெரியாத வித்தை. எழுந்திருக்கப் பார்ப்பான். வைத்தியரின் மகள் பேச்சி ஒரு அதட்டல் போடுவாள். படுத்துவிடுவான். பத்து மல்லர்கள் சேர்ந்து சாய்க்க முடியாதவனை அவள் ஒரு பார்வையில் சாய்த்தாள். கட்டு அவிழ்த்த பிறகும் விடவில்லை. குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னாள். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கச் சொன்னாள். அவன் அலுத்துக்கொண்டே செய்தான். அவள் வராத நாளில் இன்னும் அலுத்துக்கொண்டான்.

மூன்று மாதம் முடிகிற அன்று, மன்னர் ஒரு வண்டி நிறையச் சீர்வரிசையோடு மேளம் கொட்டிக்கொண்டு வைத்தியர் வீட்டுக் குளக்கரையில் வந்து இறங்கினார். கூடவே ராணியும் ஆவுடையாளும் வந்தார்கள். குளத்தில் கொம்பையா தவளை மாதிரி எம்பிக்கொண்டிருந்தான். படியில் பேச்சி.

"இதுதான் மணப்பெண்ணா?" என்றார் மன்னர்.

"யாருக்கு, மகாராசா?" என்றாள் பேச்சி.

மேளம் நின்றது. மன்னர் மெதுவாகத் திரும்பி ஆவுடையாளைப் பார்த்தார். அவள் வைத்தியர் வீட்டுக்குள் போய் மூங்கில் பத்தைகளை எடுத்துவந்து நீட்டினாள்.

"நான் சொன்ன கால்கட்டு இதுதான், மன்னா. ஒல்லி. நேர். அவனைத் தாங்கியது."

மன்னர் ஒவ்வொரு பதிலையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். மீசை துடித்தது கோபத்தாலா சிரிப்பாலா என்று அவருக்கே தெரியவில்லை.

"போகட்டும். விடுப்பு இன்றோடு முடிந்தது. அடுத்த வாரம் வடகரை மல்லன் வருகிறான். கொம்பையா, தயார்தானே?"

"தயார், மன்னா" என்று கொம்பையா கரையேறினான்.

"நடக்கிற கால் வேற, மல்லுக்கு நிக்கிற கால் வேற" என்றாள் பேச்சி. "எங்கே மல்லரே, அந்த ஒத்தைக் காலில் நில்லும் பார்ப்போம்."

நின்றான். ஆடினான். பிடித்துக்கொள்ளக் கையை வீசினான். கைக்கு அகப்பட்டது மன்னரின் பட்டு அங்கவஸ்திரம். இருவரும் சேர்ந்து குளத்தில் விழுந்தார்கள்.

மன்னர் தலையில் பாசியோடு எழுந்தார். "புரிந்தது. ஆனால் காயத்துக்கு விடுப்புக் கொடுத்தால் நாளைக்கு என் படையே படுத்துக்கொள்ளும். ஆணையை மாற்ற மாட்டேன்."

ஆவுடையாள் பார்த்தாள். மன்னருக்கு ஆளாளுக்குத் துண்டு நீட்டினார்கள். பேச்சி மட்டும் தன் முந்தானையைக் கொம்பையாவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மாற்ற வேண்டாம், மன்னா. சீர்வரிசை வண்டியில் இருக்கிறது. மேளமும் இருக்கிறது. பேச்சி, உனக்குச் சம்மதமா?"

"இந்தக் கால் நேராகிற வரைக்கும் நான் எங்கேயும் போறதா இல்லை" என்றாள் பேச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

கொம்பையா தலையைப் பலமாக ஆட்டினான். வைத்தியர் உள்ளே மஞ்சள் தேட ஓடினார்.

கல்யாண விடுப்பான அந்த மூன்று மாதமும் கழிந்து, காத்திருந்த வடகரை மல்லனின் முதுகைக் கொம்பையா மண்ணில் பதித்ததை மருதங்கோட்டை நெடுநாள் பேசியது. ஆனால் அன்று குளக்கரையில் மன்னர் ஈரம் சொட்டச் சொட்டப் பரிதாபமாக நின்றார்.

"ஒரு கட்டு அவிழ்ந்ததுமே இன்னொரு கட்டா? இதையாவது எப்போது அவிழ்ப்பீர்கள்?"

"முந்தின கட்டை மாசிலாமணி அவிழ்த்தார், மன்னா. இந்தக் கட்டை அவிழ்க்கும் வைத்தியர் இன்னும் பிறக்கவில்லை" என்றாள் ஆவுடையாள்.

மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு, ராணி வேறு பக்கம் பார்க்கிறாரா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.