கீரி எடுத்த கூத்துப் பாடம்

நாவல்மடுக் காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்தது. கீரி, பாம்பு, எலி, முயல், ஓணான் என்று எல்லாப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத்தான் படித்தார்கள். பள்ளி வேலிக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது. இது தலைமையாசிரியை யானையம்மா போட்ட சட்டம். வேலிக்கு வெளியே அவரவர் சாமர்த்தியம்!

பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டால் ஆளுக்கொரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். கைத்தொழில் வேண்டுமா, கலை வேண்டுமா, அது பிள்ளைகளின் இஷ்டம். மரங்கொத்திகள் மரவேலைக்கு ஓடின. தையல்சிட்டுகள் தையலுக்குப் பறந்தன. தவளைகள் பாட்டு வகுப்பில் சேர்ந்துகொண்டு அக்கம்பக்கத்து வகுப்புகளின் நிம்மதியைக் கெடுத்தன.

சிலுப்பி என்ற கீரிப்பெண் மண்வேலை எடுப்பதாக இருந்தாள். வளை தோண்டுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கை வந்த வேலை. புதிதாக எதுவும் படிக்காமலே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் பெயர் கொடுக்கிற அன்றைக்கென்று பார்த்து அப்படி ஒரு தூக்கம்! கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து சேர்வதற்குள் பெருச்சாளிகள் எல்லா இடத்தையும் பிடித்துவிட்டார்கள்.

"கூத்துப் பாடத்துலதான் இடம் இருக்கு. இஷ்டம்னா சேரு, இல்லேன்னா அடுத்த வருஷம் வா!" என்றார் யானையம்மா.

"கூத்தா? நானா?" சிலுப்பிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு வருஷத்தை வீணாக்க முடியுமா? முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கூத்து வகுப்பு புங்கமரத்தடியில் நடந்தது. வாத்தியார் ஒரு பச்சோந்தி. அவர் ஒரு கண்ணால் சிலுப்பியைப் பார்த்தார். இன்னொரு கண் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று சிலுப்பியும் எட்டிப் பார்த்தாள். நெளியன் என்ற நாகப்பையன் சுருண்டு உட்கார்ந்திருந்தான்!

சிலுப்பிக்கு உடம்பு மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. நெளியனுக்குப் படம் தானாக விரிந்தது.

"சார்! இவன் இருக்கிற வகுப்புல நான் எப்படி உட்காருவேன்?"

"சார்! இவ என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்ல சார்!"

வாத்தியாருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பச்சையிலிருந்து பளிச்சென்று மஞ்சளாகிவிட்டார். "அடடா! ஆண்டு விழாவுக்கு நல்ல சண்டைக் கூத்து கிடைச்சுடுச்சு! மடுவைக் காக்கிற வீராங்கனை சிலுப்பி. மடுவைப் பிடிக்க வர்ற நாகராஜா நெளியன். கடைசியில நாகராஜா சாகணும்!"

விஷயம் யானையம்மா காதுக்குப் போனது. தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"வாத்தியாரே, உமக்கு என்ன பைத்தியமா? கீரியையும் பாம்பையும் மேடையில சண்டைக்கு விடுறீரா? சொல்லிட்டேன், அந்த மேடையில ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலும் கூத்துப் பாடத்தையே இழுத்து மூடிடுவேன்!"

வாத்தியார் சாம்பல் நிறமாகிப் போனார். ஆனாலும், "விழாதும்மா" என்று சொல்லிவிட்டார்.

ஒத்திகை தொடங்கிய முதல் நாளே பெரிய கூத்தாகிவிட்டது. சிலுப்பி பல்லைக் காட்டிக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தாள். நெளியன் அலறியடித்துக்கொண்டு புங்கமரத்தில் ஏறிவிட்டான். அவனைக் கெஞ்சிக் கூத்தாடி இறக்குவதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

"சிலுப்பி, நல்லாக் கேட்டுக்கோ. மேடைச் சண்டையை நடத்துறது அடிக்கிறவர் இல்ல, விழறவர். நெளியன் வாலைத் தட்டினாத்தான் நீ பாயணும். எந்தப் பக்கம் அவன் சாயணும்னு நினைக்கிறானோ அந்தப் பக்கம்தான் நீ தள்ளுற மாதிரி காட்டணும். உன் பல்லுக்கும் அவன் தோலுக்கும் நடுவுல ஒரு இலை போற இடம் எப்பவும் இருக்கணும்!" என்றார் வாத்தியார்.

"ஜெயிக்கிறது நான், சொல்படி ஆட வைக்கிறது அவனா? இது என்ன நியாயம் சார்?"

"அதுதான்மா கூத்து!"

சிலுப்பிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு பாம்பு வாலைத் தட்டும்வரை கீரி காத்திருப்பதா? வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே! முதல் சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆடினாள். பிறகு அவளையும் அறியாமல் நெளியன் விழுகிற விதத்தைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

அவன் விழுகிற அழகை என்னவென்று சொல்வது! இவள் தொடாத இடத்தில் அடி வாங்குவான். வலியை வால் நுனியில் தொடங்கி, மெல்ல மெல்ல மேலே ஏற்றி, கடைசியில் கண்ணுக்குக் கொண்டுவருவான். தலை ஒரு பக்கம் சாயும்போது பார்க்கிறவர்கள் "ஐயோ" என்று தங்கள் கழுத்தைத் தடவிக்கொள்வார்கள். அத்தனை பேரும் சாப்பிடப் போன பிறகும் அவன் மட்டும் மடுக்கரையில் தனியாக விழுந்து விழுந்து பழகுவான். மணல் அப்பிய முகத்தோடு வந்து, "இப்ப பாரு, சரியா இருக்கா?" என்று கேட்பான்.

"நல்லாத்தான் இருக்கு" என்பாள் சிலுப்பி, வேண்டாவெறுப்பாகச் சொல்வதுபோல. உள்ளுக்குள்ளே வியந்துபோயிருப்பாள்.

ஒரு நாள் பெருச்சாளி ஒருவன் ஓடி வந்தான். "சிலுப்பி, மண்வேலையில ஒரு இடம் காலி! சீக்கிரம் வா!"

"போடா, போய் உன் வேலையைப் பாரு. எனக்கு ஒத்திகை இருக்கு!" என்று அவள் விரட்டிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது, இந்தக் கூத்து இல்லாமல் இனி அவளால் இருக்க முடியாது.

ஆண்டு விழா வந்தது. மரவேலை வகுப்பு மரங்கொத்திகள் பலகை அடித்து அருமையான மேடை போட்டிருந்தார்கள். தையல்சிட்டுகள் இலையும் இறகும் வைத்து உடை தைத்துக் கொடுத்திருந்தார்கள். நாகராஜாவின் கிரீடத்தைப் பார்த்து மயிலே பொறாமைப்பட்டது என்றால் பாருங்கள்! மேடைக்கு முன்னால் ஒரு பக்கம் கீரிக் குடும்பங்கள், மறுபக்கம் நாகக் குடும்பங்கள். நடுவில் மலை மாதிரி யானையம்மா உட்கார்ந்துகொண்டார். கீரிகளின் முதல் வரிசையில் சிலுப்பியின் தாய்மாமன் முரட்டுக்கீரி மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னால் நெளியன் மெதுவாகக் கூப்பிட்டான்.

"சிலுப்பி, ஒண்ணு சொல்றேன். கத்தாதே."

"என்ன?"

"எனக்குக் கண்ணு தெரியல."

சிலுப்பி அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் பால் படர்ந்த மாதிரி வெள்ளை. பாம்புகளுக்குச் சட்டை உரிக்கிற சமயத்தில் அப்படித்தான் ஆகும். உரித்து முடிக்கும்வரை எதுவும் தெரியாது.

"அடப்பாவி! இன்னைக்கா? முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னா யானையம்மா நம்ம கூத்தை நிறுத்திடுவாங்க. நான் என்ன வேணும்னேவா பண்றேன்? தோல் என்ன நாள் பார்த்தா உரியும்?"

"வாத்தியார்கிட்டயாவது சொல்லுவோம்."

"சொல்லு! அவர் நிறம் மாறுறதைப் பார்த்து ஊருக்கே தெரிஞ்சுடும்!"

அதுவும் சரிதான். சிலுப்பி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதே. பலகையில உன் கால் எங்க விழுதுன்னு என் வயித்துக்குத் தெரியும். இன்னைக்கு நான் வாலைத் தட்ட மாட்டேன், நீ காலைத் தட்டு. மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றான் நெளியன்.

சிலுப்பி அவனையே பார்த்தாள். ஒரு கீரியின் முன்னால், கண் தெரியாமல், கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான்! இவனுக்கு எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும்! உடனே இன்னொன்றும் உறைத்தது. அவன் கொத்துகிற மாதிரி வருவான். அந்த இலை இடைவெளி தவறினால் விஷம் ஏறிச் சாகப்போவது அவள்தான்.

"சரி, வா!" என்றாள்.

திரை விலகியது. சிலுப்பி இடப்பக்கம் காலைத் தட்டினாள். நெளியன் இடப்பக்கம் சீறினான். வலப்பக்கம் தட்டினாள். அவன் வலப்பக்கம் கொத்தினான், ஓர் இலை இடைவெளி விட்டு! அவள் துள்ளினாள், அவன் சுழன்றான். கண் தெரிந்தபோதுகூட அவன் இவ்வளவு நன்றாக ஆடியதில்லை. முயல்கள் காதைப் பொத்திக்கொண்டன. யானையம்மா தும்பிக்கையைத் தாமே கடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முரட்டு மாமாவுக்கு வேகம் வந்துவிட்டது.

"கடிடீ! விடாதே! கடி!" என்று கத்திக்கொண்டு தரையை ஓங்கி மிதித்தார். அவரைப் பார்த்துக் கீரிக் கூட்டம் மொத்தமும் மிதிக்க ஆரம்பித்தது. தம்! தம்! தம்! மேடைப் பலகையெல்லாம் அதிர்ந்தது.

நெளியன் திகைத்து நின்றான். எந்தக் கால் சிலுப்பியின் கால்? எல்லாப் பக்கமும் கால்கள்! இங்கே திரும்பினான், அங்கே திரும்பினான். படம் முழுசாக விரிந்தது. இப்போது அவன் போட்ட சீறல் நடிப்பு இல்லை. அவன் நிஜமாகவே பயந்துவிட்டான். பயந்துபோன நாகம் எதை வேண்டுமானாலும் கொத்தும்!

"நெளியா, நான் இங்கே இருக்கேன்!" என்று கிசுகிசுத்தாள் சிலுப்பி. இரைச்சலில் அவளுக்கே அது கேட்கவில்லை.

"கடிடீ!" என்று கூட்டம் கத்தியது. அவள் ரத்தம் கொதித்தது. பல் குறுகுறுத்தது. எதிரே படம் தூக்கிய பாம்பு, அதுவும் கண் தெரியாத பாம்பு. ஒரே பாய்ச்சல் போதும். ஓடிப் போகவும் வழி இருந்தது, திரைக்குப் பின்னால் குதித்தால் உயிர் மிச்சம்.

சிலுப்பி பாயவும் இல்லை, ஓடவும் இல்லை. மெல்ல அவன் பக்கத்தில் போனாள். இலை இடைவெளியையும் தாண்டிப் போனாள். தன் உடம்பை அவன் உடம்போடு ஒட்டி வைத்து, தன் கழுத்தை அவன் விஷப்பல்லுக்கு நேர் கீழே கொடுத்து நின்றாள். இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் அவள் கதை முடிந்தது.

நெளியனின் வாய் திறந்தபடியே நின்றது. அவள் நெஞ்சு படபடப்பது அவன் தோலில் கேட்டது.

"நீயா?"

"நான்தான். இப்ப சாகு!"

நெளியன் படத்தைத் தாழ்த்தினான். சிலுப்பி அவன் கழுத்தைப் பல்லால் கவ்வினாள், பூவைக் கவ்வுகிற மாதிரி. நாகராஜா செத்தான். வால் நுனியில் தொடங்கிய வலி வளைந்து வளைந்து மேலே ஏறி, கழுத்துக்கு வந்து, வெள்ளைக் கண்ணில் வந்து நின்றது. கிரீடம் உருண்டு விழுந்தது. மிதித்த கால்கள் எல்லாம் நின்றுவிட்டன.

"என் பிள்ளையைக் கொன்னுட்டாளே!" என்று அலறினாள் நெளியனின் அம்மா.

சிலுப்பிக்கே சந்தேகம் வந்துவிட்டது. பல் பட்டுவிட்டதோ? "நெளியா! டேய், நெளியா!"

"காலை எடு. வாலை மிதிச்சுக்கிட்டு நிக்கிறே!" என்று முனகினான் செத்த நாகராஜா.

சிலுப்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் எழுந்து நின்றான். காடே கைதட்டியது. நெளியன் பெருமையாகத் தலை வணங்கினான், பின்திரையைப் பார்த்து! கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! சிலுப்பி அவனைப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிட்டாள். அப்போதுதான் எல்லாரும் அவன் கண்ணைப் பார்த்தார்கள். கைதட்டல் பொசுக்கென்று நின்றது.

"ஐயோ! பிள்ளைக்குக் கண்ணு தெரியலையே!"

யானையம்மா மேடை ஏறி வந்தார். பலகை பலகையாகத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தும்பிக்கையைத் தூக்கி ஒரு பிளிறல் பிளிறினார் பாருங்கள், அந்த மரியாதை அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. ஓரமாக நின்ற பச்சோந்தி வாத்தியார் இருக்கிற நிறமெல்லாம் மாறி அழுதுகொண்டிருந்தார்.

முரட்டு மாமாவுக்கு மட்டும் ஆறவில்லை. மேடைக்கே வந்துவிட்டார்.

"ஏண்டி! கண்ணு தெரியாத பாம்பு! கழுத்து உன் பல்லுக்குள்ள வந்துடுச்சு! அதைப் போய் விட்டுட்டியே! கீரியாப் பொறந்துட்டு உனக்குக் கடிக்கத் தெரியாதா?"

சிலுப்பி நெளியன் மேல் கை வைத்தபடி சொன்னாள்: "கடிக்க எனக்குப் பொறக்கும்போதே தெரியும் மாமா! அதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? கடிக்காம இருக்கத்தான் வருஷம் பூரா படிச்சேன்!"

மாமாவின் மீசை தொங்கிப்போனது. திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். எதிர்ப்பக்கத்தில் நெளியனின் அம்மா விரித்த படத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

பிறவியிலேயே வருவதைச் செய்ய யாருக்கும் பாடம் தேவையில்லை. அதை அடக்கி, நம்மை நம்பி எதிரில் நிற்பவரின் உயிரைக் காக்கக் கற்பதே உண்மையான படிப்பு.