தூக்கு என்ற ஒரே சொல்

முன்னொரு காலத்தில், எந்தப் படைக்கும் அஞ்சாத மன்னர் ஒருவர் காதோடு காதாகப் பேசும் பேச்சுக்கு மட்டும் அஞ்சினார். யாராவது இருவர் தலை சேர்த்து நின்றால் போதும், தன்னைக் கவிழ்க்கத்தான் பேசுகிறார்கள் என்று அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அரசவை விகடகவி செங்கோடனிடம்தான் பல்லக்குத் தூக்கும் நால்வரையும் ஒப்படைத்திருந்தார். அவன் பொறுப்பேற்ற பிறகு பல்லக்கு குலுங்கியதே இல்லை. அதுவே அமைச்சர் வில்லவராயருக்கு உறுத்தியது. ஒளிந்து நின்று பார்த்துவிட்டு மன்னரிடம் ஓடினார். செங்கோடன் ஒருவன் காதில் கெஞ்சுகிறான், ஒருவன் காதில் அதட்டுகிறான், ஒருவன் தோளைத் தட்டுகிறான், நாலாமவனோடு பேசுவதே இல்லை என்றார்.

"வேலை ஒன்று, பேச்சு மட்டும் ஏன் ஆளுக்கொரு விதம், மன்னா? அவர்கள் தோளில் இருப்பது தங்கள் உயிர்."

மன்னரின் முகம் கறுத்தது. செங்கோடனை அழைத்துக் கேட்டார்.

"முன்னால் நிற்கும் பெரியாண்டி ரோஷக்காரர், மன்னா. தன்மையாகக் கேட்டால்தான் செய்வார். பின்னால் நிற்கும் சடையன் அதட்டாவிட்டால் நடந்தபடியே தூங்குவான். மற்ற இருவரில் ஒருவன் பயந்தவன், ஒருவன் சொல்லாமலே செய்பவன்."

மன்னர் நம்பவில்லை. "நாளை மலைக்கோயில் பயணம். நால்வருக்கும் ஒரே சொல், உரத்த குரலில். ஆளுக்கொரு பேச்சு பேசுகிறவன் யாரானாலும் தூக்கு."

"அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன், மன்னா" என்று வணங்கினான் செங்கோடன்.

மறுநாள் காலை அவன் "தூக்கு" என்றான். பல்லக்கு எழுந்தது. வில்லவராயர் அவன் வாயையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தார். வழியெல்லாம் வேறு பேச்சே இல்லாததால் நால்வருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னண்ணே, மூஞ்சி குடுத்துப் பேசமாட்டேங்கறீங்க? யாராச்சும் எங்களைப் போட்டுக் குடுத்தாங்களா?" என்றார் பெரியாண்டி.

"தூக்கு" என்றான் செங்கோடன்.

மலைப்படி வந்தது. படியேறும்போது முன்னவர்கள் பல்லக்கை இறக்கிப் பிடிக்க வேண்டும், பின்னவர்கள் உயர்த்த வேண்டும். செங்கோடன் மறுபடியும் "தூக்கு" என்றான். பெரியாண்டி கோபத்தில் தலைக்கு மேலேயே தூக்கிவிட்டார். சடையன் அரைத் தூக்கத்தில் இருந்தான். மன்னர் சறுக்கிக்கொண்டு பின்னால் போனார். கிரீடம் கழன்று உருண்டு, வில்லவராயரின் கையிலேயே போய் விழுந்தது.

"பெரியாண்டி, கொஞ்சம் இறக்குப்பா, நீ நல்லவனாச்சே! டேய் சடையா, தூங்குறியா? தூக்குடா!" என்று அலறினார் மன்னர்.

பல்லக்கு நேரானது. செங்கோடன் கைகட்டி நின்றான்.

"மன்னா, ஒருவரைக் கெஞ்சினீர்கள், ஒருவனை அதட்டினீர்கள். இப்போது தூக்கு யாருக்கு?"

மன்னர் அவனைப் பார்த்தார். பிறகு கிரீடத்தை அணைத்தபடி வியர்த்து நின்ற வில்லவராயரைப் பார்த்தார். சிரிப்பு பீறிட்டது. பல்லக்கே குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடனுக்குப் போட்டு, இனி அவன் யாரிடம் எப்படிப் பேசினாலும் கேள்வி இல்லை என்றார்.

அப்புறம் அவனை அருகே இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். அது தன்னைப் பற்றித்தான் என்று வில்லவராயருக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

மன்னர் சொன்னது இவ்வளவுதான்: "சடையன் மறுபடியும் கண்ணை மூடுறான் பாரு. அதட்டு."