செல்லக்கிளியின் வலது கை

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு சட்டம் படித்தவர் தேவசகாயம். தன்னைவிடப் பத்து வயது இளையவரான வழக்கறிஞர் மெஹருன்னிசாவிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தார்.

விசாரணைக் கைதி செல்லக்கிளிக்கு அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்து ஒன்பது நாள். அன்றிலிருந்து அவள் வலது கை கட்டிலோடு சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தார்கள்.

கைதியைச் சங்கிலியில் கட்டுவது மனித மாண்புக்கு எதிரானது என்ற வெளிநாட்டுத் தீர்ப்பு ஒன்றைத் தேவசகாயம் எடுத்துக் கொடுத்திருந்தார். அரசு வழக்கறிஞர் வேறொரு நாட்டுத் தீர்ப்பை எடுத்து வாசித்தார். தப்பி ஓடக்கூடிய கைதியைக் கட்டலாம் என்றது அது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "அவங்க ஊர் ஆயிரம் சொல்லும். நாளை மறுநாள் பார்ப்போம்."

மூன்றாவது வாய்தா.

வராந்தா பெஞ்சில் மெஹருன்னிசா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார்.

"ரெண்டுமே பெரிய கோர்ட்டுதான் மேடம். எதை நம்பி நிக்கிறது?"

"நாம காட்டின தீர்ப்புல, அந்த வெளிநாட்டு நீதிபதி முதல்ல என்ன கேட்டார்? படிங்க சார்."

தேவசகாயம் பக்கத்தைத் தேடினார். "பிள்ளை பெத்த அந்தக் கைதியால சங்கிலியோட குழந்தைக்குப் பால் கொடுக்க முடிஞ்சுதான்னு கேட்டிருக்கார்."

"செல்லக்கிளி கிட்ட நாம கேட்டோமா?"

தேவசகாயம் தீர்ப்பை மூடிவைத்துவிட்டு எழுந்தார். பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போனார்.

கேட்டதும் செல்லக்கிளி கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ்தான் சொன்னாள்: "ஒரு பக்கம் மட்டும்தான் சார் குடுக்க முடியுது. இன்னொரு பக்கம் பால் கட்டிக் கல்லு மாதிரி ஆயிடுச்சு. காய்ச்சல் வேற. சொன்னா யாரு கேக்குறா?"

அடுத்த வாய்தாவில் மெஹருன்னிசா எந்தத் தீர்ப்பையும் வாசிக்கவில்லை. நர்ஸின் பிரமாண வாக்குமூலத்தை வாசித்தார். பிறகு, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான நம் அரசியல் சட்டப் பிரிவை ஒரே ஒரு முறை வாசித்தார்.

நீதிபதி வாக்குமூலத்தை வாங்கிப் பார்த்தார். "இன்னைக்கே கழற்றுங்க" என்றார்.

படியிறங்கும்போது தேவசகாயத்துக்குக் கால் வலித்தது. மனசும் சரியில்லை.

"அப்போ நான் படிச்ச வெளிநாட்டுத் தீர்ப்பெல்லாம் வீண்தானா மேடம்?"

மெஹருன்னிசா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"அதைப் படிக்கலேன்னா, அந்தக் கட்டில் பக்கத்துல நீங்க போய் நின்னிருப்பீங்களா சார்?"