எட்டுக் கட்டத்துக்கு வெளியே

பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறையில் சகாயமேரி பன்னிரண்டு வருடமாகக் கள உதவியாளர். கழிமுகத்துச் சேற்றில் கயிறு கட்டிப் பிரித்த எட்டுக் கட்டங்களில் நத்தைகளை எண்ணித் தர வேண்டும். அதுதான் வேலை. அவள் எண்ணிக் கொடுத்ததை வைத்து ஐந்து பேர் டாக்டர் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. தபால் வழியில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள்.

அந்த வருடம் ஆய்வாளர் பணிக்கு விளம்பரம் வந்தது. முதுகலைப் பட்டம், கள அனுபவம், பகுப்பாய்வுத் திறன். கட்டுரை வெளியிட்டவர்களுக்கு முன்னுரிமை. கடைசி வரியைப் படித்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

நேராகப் பேராசிரியை இளவேனிலிடம் போனாள். வயதில் மேரியைவிட ஏழு வருடம் சின்னவர். ஆனாலும் அவளைப் படிக்க வைத்த குரு அவர்தான்.

"மேடம், இதுக்கு எனக்கு என்ன தகுதி இருக்கு?"

இளவேனில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "நாளைக்கே நீங்க வேலையை விட்டுட்டுப் போறீங்க. உங்க இடத்துக்கு வர்றவங்களுக்கு என்னவெல்லாம் தெரிஞ்சிருக்கணும்? எழுதுங்க."

மேரி எழுத உட்கார்ந்தாள். ஒரு தாள் போதவில்லை, மூன்று கேட்டு வாங்கினாள்.

இளவேனில் நிதானமாகப் படித்தார். "மேலே பேர் எழுதலையே மேரிக்கா."

"யார் பேரை மேடம்?"

"உங்க பேரைத்தான்."

அன்றே விண்ணப்பம் போனது.

நேர்முகத்தில் குழுத் தலைவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். பன்னிரண்டு வருடக் கோடு சரிந்துகொண்டே வந்தது.

"இந்த நத்தை ஏன் அழியுது? உங்களுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் காரணம் சொல்லிட்டாங்க. கட்டுரையும் வச்சிருக்காங்க. நீங்க சொல்லுங்க."

"தெரியலை சார்."

தலைவர் அடுத்த பெயரைத் தேடக் காகிதத்தைப் புரட்டினார்.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு சார். அது அழியுதா, இல்லை இடம் மாறுதா?"

புரட்டிய கை நின்றது.

"நாம வருஷா வருஷம் அதே எட்டுக் கட்டத்துலதான் எண்ணுறோம். நாலு வருஷமா மேற்குக் கரையில, கட்டத்துக்கு வெளிய, கால் வச்ச இடமெல்லாம் நத்தையா மிதிபடுது."

"இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

"கட்டத்துக்குள்ள எண்ணச் சொன்னாங்க, எண்ணினேன். வெளிய பார்த்ததைத் தனியா எழுதி வச்சிருக்கேன்."

பையிலிருந்து உப்புக்கறை படிந்த நான்கு நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அவள் பக்கத்தில் நின்றபடியே முதல் நோட்டைப் பிரித்தார். பத்து நிமிடம் என்று சொன்ன நேர்முகம் ஒன்றரை மணி நேரம் நீண்டது.

பத்தாம் நாள் நியமன உத்தரவு வந்தது. மேரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடிப் படியையும் ஓடியே ஏறினாள். இளவேனில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் சிரித்த சிரிப்பு வராந்தா முழுக்கக் கேட்டது.

"மேரிக்கா, உங்க பழைய வேலைக்கு ஆள் எடுக்கணும். இந்தத் தடவை தேர்வு பண்ற இடத்துல நீங்கதான் உட்காரணும்."

"நானா? நான் என்ன கேள்வி மேடம் கேக்கறது?"

"ஒண்ணும் கேக்காதீங்க. சேத்துல இறக்கி விடுங்க. யாரு உங்களைக் கேள்வி கேக்கறாங்களோ, அவங்களை எடுத்துக்குங்க."